செபராங் பிறை தெற்கில் கிறிஸ்துவ இடைநிலைப்பள்ளி: நிலம் கிடைக்கிறது, அடுத்து என்ன?

சுங்கை_பாக்காப் கேட்கிறார்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபைக் கமிட்டியின் சார்பில் கேட்கிறேன்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் சுங்கை பாக்காப்புக்கும் நிபோங் திபாலுக்கும் இடையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மூன்று ஏக்கர் நிலத்தைச் சபைக்குத் தர ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது. அதில் படிவம் 1 முதல் 5 வரை கிறிஸ்துவ இடைநிலைப்பள்ளி தொடங்க வேண்டும் என்பது சபையாரின் விருப்பம். தோட்டங்களிலிருந்தும் சுற்றுவட்டக் கம்பங்களிலிருந்தும் (கிராமங்களிலிருந்தும்) தமிழ்ப்பள்ளி முடித்து வரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பேச்சே எழுந்தது. மாதக் கட்டணம் 300 வெள்ளியை (ரிங்கிட்டை)த் தாண்டக் கூடாது. முதலாண்டு ஒரே ஒரு படிவம் 1 வகுப்பு, 25 பிள்ளைகள். இதுவரை பேசி முடிவானது இவ்வளவுதான்.

விவசாய நிலத்தில் பள்ளி கட்ட முடியுமா? சபையின் பெயரில் நடத்துவதா, கம்பெனி தொடங்குவதா? பைபிள் பாடத்துக்கும் காலை ஆராதனைக்கும் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? கையில் எவ்வளவு இருந்தால் துணியலாம்? அடுத்த மாதம் சபைப் பொதுக்கூட்டம். விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், நீளம் பரவாயில்லை.

வரைபட_மேசை:

பிரதர், நிலத்தையும் கட்டடத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள்: நிலப் பயன்பாட்டு வகை, அதற்குக் கீழே எழுதியிருக்கும் நிபந்தனை. வகை விவசாயம் என்றும் நிபந்தனையில் ரப்பர் அல்லது செம்பனை என்றும் இருந்தால், அதை மாற்றாமல் பள்ளிக்கட்டடம் எழுப்ப முடியாது. தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் மாவட்ட நில அலுவலகத்துக்கு மனு போக வேண்டும். முடிவு மாநில அரசின் கையில். அனுமதி வந்ததும் பிரிமியம், அதாவது மாற்றத்துக்காக அரசுக்குச் செலுத்தும் தொகை, கட்டச் சொல்லிக் கடிதம் வரும். குறித்த தவணைக்குள் கட்டாவிட்டால் அனுமதி காலாவதியாகும், மறுபடி முதலிலிருந்து மனு. நிலம் இலவசமாகக் கிடைத்தாலும் பிரிமியம் இலவசம் இல்லை. நிலத்தின் மதிப்பை ஒட்டிக் கணக்கிடுவதால் தொகை பெரிதாகவே இருக்கும். இதைச் சேர்க்காத திட்ட அறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் வைக்காதீர்கள்.

அடுத்து, அந்த மூன்று ஏக்கர் தனி லாட்டா (தனிப் பத்திரமுள்ள நிலத்துண்டா), பெரிய லாட்டின் ஒரு மூலையா? மூலை என்றால் முதலில் நிலத்தைப் பிரிக்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் வேண்டும். 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டத்தின் பகுதியாக இருந்தால் 214ஏ பிரிவும் குறுக்கே வரும்: தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்ற முடியாது. தோட்டத்துத் துண்டாடலைத் தடுக்க வந்த சட்டம் அது, நன்கொடைக்கும் பொருந்தும்.

நிலத்துக்குப் போகும் பாதை யாருடையது? பள்ளி வாசல் வரை தார் ரோடு இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பல இடங்களில் அது தோட்டக் கம்பெனியின் சொந்தப் பாதை. நாளை கம்பெனி கைமாறி, புதிய முதலாளி கேட்டைப் பூட்டினால் பள்ளிப் பேருந்து வெளியே நிற்கும். வாய்வழி அனுமதி போதாது, கிராண்டில் பதிவாகும் வழியுரிமை வேண்டும். அரசு சாலையோடு சேரும் முனைக்குப் பொதுப்பணித் துறையின் ஒப்புதல் தனி.

இவை தெளிந்த பிறகுதான் ஆர்க்கிடெக்ட். திட்ட அனுமதி மனு செபராங் பிறை மாநகர் மன்றத்தின் ஓஎஸ்சி (மனுக்களை ஒரே இடத்தில் பெறும் மையம்) வழியாகப் போகும். அங்கிருந்து வடிகால் இலாகா, தீயணைப்புத் துறை, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் என்று ஒவ்வொரு தொழில்நுட்ப இலாகாவும் கருத்துச் சொல்லும். கட்டி முடித்த பிறகு ஆர்க்கிடெக்ட் அல்லது பொறியாளர் தரும் சிசிசி (கட்டட நிறைவுச்) சான்றிதழ் இல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே உட்கார வைக்க முடியாது.

அந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நிபோங் திபால், பத்து காவான் கடலோரத் தாழ்நிலத்தில் மிருதுவான கடற்களிமண் ஆழமாகக் கிடக்கிறது. இதில் செம்மண் கொட்டி உயர்த்தினால் மண்ணின் சொந்தப் பாரத்திலேயே தரை ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். கட்டடம் பைலிங் (ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்பதால் அது அமுங்காது. விளைவு, கட்டடத்துக்கும் தரைக்கும் இடையில் விரிசல் விழுகிறது. சுற்றுக் கால்வாய் சாய்ந்து தண்ணீர் தேங்குகிறது. கழிவறைக் குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் உடைகிறது. புதுக் கட்டடத்தில் மூன்றாம் ஆண்டே கழிவறை நாறுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆகவே ஆர்க்கிடெக்ட் வரைவதற்கு முன்பே மண் ஆய்வு செய்யுங்கள். கட்டடம் வரக்கூடிய இடத்தில் மூன்று நான்கு துளையாவது போட வேண்டும். மண் கொட்டுவதாக இருந்தால் அனுமதி பெற்று முன்கூட்டியே கொட்டி, அமுங்க நேரம் கொடுங்கள். குழாய் இணைப்புகளில் வளைந்து கொடுக்கும் இணைப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நிலத்தை உயர்த்தினால் மழைநீர் பக்கத்துக் கம்பத்துக்குப் போகும் என்பதால் வடிகால் இலாகா நீர்த்தேக்கக் குளம் கேட்கும். அதற்கும், பேருந்து திரும்புவதற்கும், தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கும் இடம் போனால் மூன்று ஏக்கர் சின்னதாகிவிடும். மூன்று ஏக்கருக்குள் (1.2 ஹெக்டேர்) 400 மீட்டர் ஓட்டப்பாதை வரவே வராது. அருகிலுள்ள பொதுத் திடலைப் பயன்படுத்த மாநகர் மன்றத்திடம் இப்போதே பேசி வையுங்கள்.

எல்லாம் சரியாகப் போனாலும் நில மாற்றத்திலிருந்து சிசிசி வரை மூன்றாண்டுக்குக் குறைவாக எண்ணாதீர்கள்.

பழைய_மிஷன்_பள்ளி:

சகோதரருக்கு வணக்கம். பதிவைப் பற்றியும் சமயப் பாடத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

பினாங்கில் மிஷன் பள்ளி என்றதும் செயின்ட் சேவியர்ஸ், கான்வென்ட் லைட் ஸ்திரீட், மெத்தடிஸ்ட் ஆண்கள் பள்ளி ஆகியவைதான் நினைவுக்கு வரும். முதல் இரண்டும் 1852இல் தொடங்கியவை, மூன்றாவது 1891. அந்த மாதிரியை வைத்து உங்கள் திட்டத்தைப் போடக் கூடாது. மிஷன் பள்ளிகள் பிற்காலத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகளாகி, நிலமும் பெயரும் மிஷனுடையதாக இருக்க, ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது. நீங்கள் தொடங்குவது தனியார் பள்ளியாகத்தான் பதிவாகும். முதல் மாதச் சம்பளத்திலிருந்தே சபையின் பொறுப்பு.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 79ஆம் பிரிவுப்படி எந்தக் கல்விக்கூடமும் பதிவு பெறாமல் இயங்கக் கூடாது. மனு மாநிலக் கல்வி இலாகாவின் தனியார் கல்விப் பிரிவுக்குப் போகும். கம்பெனிப் பதிவு, நிலத்தின் அல்லது வாடகையின் பத்திரம், கட்டட வரைபடம், மாநகர் மன்றம், தீயணைப்புத் துறை, சுகாதார இலாகா மூன்றின் ஆதரவுக் கடிதம், பள்ளி நிர்வாக வாரியத்தின் அமைப்பு விதி, வாரிய உறுப்பினர் விவரம், பாடத்திட்டம், கட்டணப் பட்டியல் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். கட்டணம் ஒப்புதல் பெற்ற தொகை. பின்னால் உயர்த்துவதற்கும் ஒப்புதல் வேண்டும். பதிவு எண் கைக்கு வரும் முன் பேனர் கட்டி மாணவர் சேர்க்கை நடத்தாதீர்கள். முன்பணம் வாங்கிவிட்டு பதிவு தாமதமானால் அந்த 25 குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஜனவரியில் எந்தப் பள்ளியிலும் இடம் உறுதியாக இருக்காது.

பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் என்ற வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்குப் போனால் கட்டணம் 300 வெள்ளியில் நிற்காது. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு மலாயும் வரலாறும் கட்டாயம் தேற வேண்டும். 2021 முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறைத் தேர்வு தனித் தாள். ஆகையால் படிவம் 4க்கு முன் ஆய்வுக்கூடம் தயாராக வேண்டும், இல்லையேல் அறிவியல் பிரிவை ஆரம்பிக்காதீர்கள். தேர்வு மையத் தகுதிக்குத் தேர்வு வாரியத்திடம் முன்கூட்டியே மனு செய்ய வேண்டும். மையம் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய் எழுத நேரும். படிவம் 5இல் அந்த அலைச்சல் வேண்டாம்.

ஆசிரியர்கள் முறையாகப் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும், அல்லது கல்வி இலாகாவின் கற்பிக்கும் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி குறிப்பிட்ட பள்ளிக்கு உரியது. வேறு பள்ளியில் வாங்கிய அனுமதியோடு வருபவர் உங்கள் பள்ளிக்குப் புதிதாக வாங்க வேண்டும். ஜனவரியில் வகுப்பு என்றால் செப்டம்பருக்குள் மனுக்கள் போயிருக்க வேண்டும்.

இனி சமயம். கூட்டமைப்பு அரசியலமைப்பின் 12ஆம் விதி, ஒவ்வொரு சமயத்தாருக்கும் தம் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி தரும் நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை தருகிறது. அதே விதி, தன் சமயம் அல்லாத சமயத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். இந்த இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் உங்கள் கால அட்டவணையை எழுத வேண்டும். தோட்டத்திலிருந்து வரப்போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்களை ஏற்க மாட்டோம் என்றால் 25 பேர் சேர மாட்டார்கள். ஏற்போம் என்றால் காலை ஆராதனையைப் பள்ளி மணிக்கு முன்னால், விருப்பப்பட்டவர்களுக்கு என்று வையுங்கள். பைபிள் வகுப்பு பாடவேளைக்குள் வந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தமிழிலும் மலாயிலும் வாங்குங்கள். சம்மதம் தராதவரின் பிள்ளையை அந்த நேரத்தில் வராந்தாவில் நிற்க வைக்கக் கூடாது. நூலகத்தில் ஓர் ஆசிரியரோடு வாசிப்பு வகுப்பு என்று அட்டவணையிலேயே எழுதுங்கள். ஓரமாக நிற்கும் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வதை வைத்துத்தான் தோட்டம் முழுவதும் உங்கள் பள்ளியை எடைபோடும். கோயில் திருவிழா நாளில் தேர்வு வைக்காதிருப்பதும் இதில் அடக்கம்.

கிறிஸ்துவப் பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.மில் பைபிள் அறிவு என்ற விருப்பப் பாடம் இருக்கிறது. லூக்கா சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும்தான் பாடப்பகுதி. அதற்காக நன்னெறிக் கல்வியை விட்டுவிட முடியாது, அது தனியே நடக்க வேண்டும். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் பாடப்பட்டியலில் முதல் நாளே சேருங்கள். மற்ற பள்ளிகளில் ஆசிரியர் இல்லாமல் இவை கைவிடப்படும் இடத்தில் உங்கள் பள்ளிக்கு நல்ல காரணம் ஒன்று கிடைக்கிறது.

முஸ்லிம் மாணவர் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் கல்விச் சட்டம் 50ஆம் பிரிவுப்படி, மாநிலம் அங்கீகரித்த ஆசிரியரைக் கொண்டு வாரம் குறைந்தது இரண்டு மணி நேரம் இஸ்லாமியப் பாடம் நடத்த வேண்டும். இன்னொன்று: நிபோங் திபாலுக்கு அருகிலேயே பேராக்கின் பாரிட் புந்தாரும் கெடாவின் பண்டார் பாருவும் இருக்கின்றன. இரண்டு மாநிலங்களிலும் முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புதலைத் தடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பள்ளி விளம்பரத் தாளில் சுவிசேஷத் துண்டுப்பிரசுரத்தைச் சேர்த்து வீட்டுக்கு வீடு போடும் பழக்கம் சில சபைகளில் உண்டு. இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

கணக்கு_பேரேடு:

25 பிள்ளை, 300 வெள்ளி என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சம்பள எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

வரவு: 25 × 300 × 12 = 90,000 வெள்ளி.

செலவில் சம்பளத்தை மட்டும் பார்ப்போம். படிவம் 1க்கு மலாய், ஆங்கிலம், தமிழ், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல், நன்னெறி, உடற்கல்வி, கலை, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று பதினொரு பாடம். பாடவேளையைக் கூட்டினால் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று ஆசிரியர் போதும் போலத் தோன்றும். ஆனால் மலாயும் கணிதமும் வரலாறும் தமிழும் ஒருவரே நடத்த முடியாது. முதலாண்டில் ஆசிரியர் எண்ணிக்கையை முடிவு செய்வது பாடங்கள்தான், பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல. ஆறு பேருக்குக் குறைந்து முடியாது.

முதல்வர் 6,000. ஆறு ஆசிரியர் தலைக்கு 3,000. ஒரு கிராணி (எழுத்தர்) 2,000. காவலர், துப்புரவாளர் இருவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வீதம். மாதம் 29,400. இதற்கு மேல் முதலாளி பங்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி): 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. சொக்சோவும் (ஊழியர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) வேலைக் காப்புறுதியும் சேர்த்து ஏறக்குறைய 2 விழுக்காடு. ஆக மாதம் சுமார் 33,700, ஆண்டுக்கு 4 லட்சத்து 4 ஆயிரம். கட்டணத்தைக் கழித்தால் பற்றாக்குறை 3 லட்சத்து 14 ஆயிரம். மின்சாரம், வேன், ஆய்வுக்கூடம், பழுதுபார்ப்பு எதுவும் இதில் இல்லை.

இரண்டாம் ஆண்டு இன்னொரு 25 பேர் வந்தால் நிலைமை தேறும் என்று கமிட்டியில் சொல்வார்கள். தேறாது. ஒரு படிவம் கூடும்போது வரும் கட்டணம் 90,000. அதே ஆண்டு கூடுதலாக எடுக்கும் இரண்டு ஆசிரியருக்கு ஈபிஎஃப், சொக்சோ சேர்த்து ஏறக்குறைய 83,000 போய்விடும். அதனால் மூன்றாம் ஆண்டு வரை பற்றாக்குறை 3 லட்சம் பக்கத்திலேயே நிற்கிறது. மூன்றாண்டுக்கு 9 லட்சத்துக்கு மேல், சம்பளத்துக்கு மட்டும்.

ஐந்தாம் ஆண்டு ஐந்து படிவமும் நிரம்பி 125 பிள்ளைகள், 12 ஆசிரியர், இரண்டு கிராணி என்று வையுங்கள். வரவு 4 லட்சத்து 50 ஆயிரம், சம்பளச் செலவு 6 லட்சத்து 80 ஆயிரம். நிரம்பிய பள்ளியிலும் ஆண்டுக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் துண்டு விழுகிறது. படிவத்துக்கு இரண்டு வகுப்பு, 250 பிள்ளைகள், 18 ஆசிரியர் என்று ஆனால்தான் வரவு 9 லட்சமும் சம்பளம் 9 லட்சத்து 29 ஆயிரமுமாகச் சமன்பாட்டுக்கு அருகில் வருகிறது.

கட்டணத்தை ஏற்றலாமே என்றால், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வாங்கும் வீட்டில் இரண்டு பிள்ளைக்கு 600 வெள்ளி என்பதே வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஏற்றினால் யாருக்காகத் தொடங்குகிறீர்களோ அவர்களே வர முடியாது. ஆகவே இது கட்டணத்தில் ஓடும் பள்ளி இல்லை, நன்கொடையில் ஓடும் பள்ளி என்பதைச் சபை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். (2025 ஜூலையில் வந்த தனியார் கல்விச் சேவை வரி உங்களைத் தொடாது. அது ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் பள்ளிகளுக்கு.)

நன்கொடை திரட்டும்போது, பிள்ளையைத் தத்தெடுங்கள் என்று கேட்பதைவிட ஓர் ஆசிரியரின் சம்பளத்தை மூன்றாண்டு ஏற்க முடியுமா என்று கேளுங்கள். பிள்ளை பள்ளி மாறினால் நன்கொடை நின்றுபோகும். ஆசிரியர் பணி நிலையானது. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் அங்கீகாரம் வாங்கினால், கொடுப்பவர் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு பெறலாம். பெரிய தொகை கொடுக்கும் கம்பெனிகள் முதலில் கேட்பது இதைத்தான். அங்கீகாரம் வரும் முன் வரிக்கழிவு ரசீது தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

அமைப்பு: நிலம் சபையின் அறங்காவலர் பெயரில் இருக்கட்டும், பள்ளியை நடத்துவது தனிக் கம்பெனியாக இருக்கட்டும். பள்ளி கடனில் விழுந்தாலும் நிலம் தப்பும். இடையில் பதிவு செய்த குத்தகை வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். முழு லாட்டையும் குத்தகைக்கு விட்டால் 99 ஆண்டு வரை, ஒரு பகுதியை மட்டும் என்றால் 30 ஆண்டு வரை.

நிலத்தைத் தரும் குடும்பம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், பெயர் மாற்றப் பத்திரம் 14ஏ கையெழுத்தாகிப் பதிவாகும் வரை அது வாக்குறுதிதான். பெரியவர் காலமாகிவிட்டால் பிள்ளைகள் ஒவ்வொருவரின் சம்மதமும் தேவைப்படும்.

தோட்டத்துப்_பிள்ளைகள்:

ஐயா, எல்லாரும் பள்ளியை எப்படிக் கட்டுவது என்றே எழுதுகிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை என்று முதலில் பார்ப்போமா?

நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி வட்டாரத்தில் அரசு இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன, கட்டணமும் இல்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் ஏன் இடையில் நிற்கிறார்கள்? தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்குப் படிவம் 1இல் எல்லாப் பாடமும் மலாயில். மொழி பிடிபடாத பிள்ளை, படிவம் 1க்கு முந்திய புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்காருகிறது. அங்கேயே தன்னைப் பின்தங்கியவன் என்று எண்ணத் தொடங்குகிறது. இணைப்பாட நடவடிக்கை முடிந்து மாலை நாலரைக்கு வெளியே வந்தால் தோட்டத்துக்குப் பஸ் இல்லை. வீட்டில் அம்மா அப்பா இருவரும் பட்டர்வொர்த், பத்து காவான் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட். இவை மூன்றும் புதுப் பள்ளி கட்டாமலே தீர்க்கக் கூடிய குறைகள்.

அரசுப் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மாணவர் இல்லம், அதோடு பிற்பகல் கற்றல் மையம், ஒரு வேன். 30 பிள்ளைகள், இரண்டு வார்டன், பகுதி நேர மலாய், கணித ஆசிரியர்கள். மேலே கணக்கு எழுதிய சகோதரர் சொன்ன ஆண்டுப் பற்றாக்குறைத் தொகைக்குள்ளேயே இதை நடத்திவிடலாம். கிறிஸ்துவச் சாட்சி என்றால் அதற்கும் இங்கே குறைவில்லை.

இதற்கும் பதிவு உண்டு. பிள்ளைகள் தங்கும் இடம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகாவில் பதிவாக வேண்டும்; கற்றல் மையம் கல்வி இலாகாவில். வேனுக்குப் பள்ளி வாகன உரிமம், ஓட்டுநருக்குப் பயணிகள் வாகன உரிமம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை. கோயில் வேனையோ சபை வேனையோ கட்டணம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கு ஓட்டினால் விபத்து நேரும் நாளில் காப்புறுதி கைவிரிக்கும்.

தங்கும் விடுதி நடத்துவதாக இருந்தால், அது பள்ளியோடு சேர்ந்ததோ தனியோ, தீயைப் பற்றிச் சமரசமே கூடாது. 2017 செப்டம்பர் 14 அதிகாலை கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் குர்ஆனை மனப்பாடம் செய்யக் கற்பிக்கும் ஒரு தாஃபிஸ் சமயப்பள்ளி விடுதியில் தீப்பிடித்து 23 உயிர்கள் போயின, பெரும்பாலோர் மாணவர். வெளியேறும் வழி நெருப்பால் அடைபட்டது. சன்னல்களில் கம்பி அடைப்பு இருந்தது. திருடனுக்குப் பயந்து போடும் அதே கம்பி. விடுதியின் ஒவ்வொரு மாடியிலும் எதிரெதிர் முனையில் இரண்டு வழி, சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும் கதவு, உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கம்பி, புகை அலாரம், பருவத்துக்கு ஒருமுறை இரவு நேர ஒத்திகை. பகல் ஒத்திகையால் பயன் குறைவு. தூக்கத்திலிருந்து எழும் பிள்ளை இருட்டில் வழி தேடிப் பழக வேண்டும்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும், போதகர் உட்பட, சமூகநல இலாகாவின் பிள்ளைகள் பதிவேட்டில் சோதிக்கச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாதிருப்பதே குற்றம். சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்ற வழி சட்டத்தில் கிடையாது, இருக்கவும் கூடாது.

சுங்கை_பாக்காப்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் பார்த்ததும் கமிட்டியில் சிலர், நில மாற்றம் முடியும்வரை சபை மண்டபத்திலேயே படிவம் 1ஐத் தொடங்கிவிடலாம் என்கிறார்கள். மண்டபம் இரண்டு மாடிக் கடைவீட்டின் மேல்தளம். முடியுமா? சிஸ்டர் சொன்ன மாணவர் இல்லத் திட்டத்தையும் கூட்டத்தில் வைக்க எண்ணியிருக்கிறோம். இரண்டையும் ஒரே தீர்மானமாக வைக்கலாமா?

வரைபட_மேசை:

மேல்தளத்தில் முழுநேரப் பள்ளி வேண்டாம் பிரதர். கடைவீட்டைக் கல்விக்கூடமாக்க மாநகர் மன்றத்தின் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். மேல்தளத்துக்கு ஒரே படிக்கட்டு என்றால் தீயணைப்புத் துறையின் ஆதரவுக் கடிதம் கிடைப்பது கடினம். பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு போடலாம் என்றாலும், பின்சந்து பொது நிலமாக இருந்தால் அதில் கால் ஊன்ற முடியாது. ஆண், பெண் கழிவறை தனித்தனி, ஆய்வுக்கூடம், மாணவர் அனைவரும் கூட இடம் எதற்கும் அங்கே வழியில்லை. கீழ்த்தளம் வாடகைக்குக் கிடைத்தால் பிற்பகல் கற்றல் மையத்துக்குச் சரியாக இருக்கும்.

கணக்கு_பேரேடு:

ஒரே தீர்மானமாக வைக்காதீர்கள். ஒன்று தோற்றால் மற்றதும் கூடவே விழும். மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, நிலத்தை அறங்காவலர் பெயரில் ஏற்பது. பள்ளி வரவில்லை என்றாலும் நிலம் சபையிடமே இருக்குமா, திரும்பப் போகுமா என்பதைக் கொடுக்கும் குடும்பத்திடம் கேட்டு அதே தீர்மானத்தில் எழுதுங்கள். இரண்டாவது, கற்றல் மையமும் வேனும், இந்த ஆண்டே, தனிக் கணக்கில். மூன்றாவது, பள்ளிக்கான ஆய்வுக் குழு: நில மாற்றம், மண் ஆய்வு இவற்றுக்கு மட்டும் செலவு செய்ய அதிகாரம், கட்டட ஒப்பந்தம் போட அதிகாரம் இல்லை. சம்பள நிதியில் 9 லட்சம் வங்கியில் சேர்ந்த பிறகே பள்ளிப் பதிவுக்கு மனு என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். வாக்குக் கொடுத்த தொகையை இதில் எண்ணக் கூடாது.

கற்றல் மையத்துக்கு வரும் பிள்ளைகளின் வருகைப் பதிவையும் மலாய் மதிப்பெண்ணையும் மாதந்தோறும் எழுதி வையுங்கள். இரண்டாண்டு கழித்துப் பள்ளி வேண்டுமா, எத்தனை பேர் வருவார்கள், எந்தத் தோட்டத்திலிருந்து வேன் ஓட வேண்டும் என்பதற்கு அந்த ஏடே பதில் சொல்லும். நன்கொடையாளரிடம் காட்டவும் அதுதான் உதவும்.

பழைய_மிஷன்_பள்ளி:

மேலே சொன்னது சரியான வரிசை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: முதல்வரைக் கட்டடம் முடிந்த பிறகு தேடாதீர்கள். எஸ்.பி.எம். வகுப்புகளை நடத்தி, கல்வி இலாகாவோடு கடிதப் போக்குவரத்து தெரிந்த ஒருவர் ஆய்வுக் குழுவிலேயே இருக்கட்டும். வகுப்பறை அளவு, ஆய்வுக்கூட மேசை, விடுதிக் கதவு எல்லாம் வரைபடத்திலிருக்கும்போது மாற்றினால் செலவில்லை.

வரைபட_மேசை:

கூட்டத்துக்கு முன் இன்னொரு வேலை. கிராண்டு எண்ணை வைத்து நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுத்துவிடுங்கள், செலவு சொற்பம். நிலத்தின் மேல் வங்கி அடமானமோ கேவியட்டோ (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவோ) இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அப்படி இருந்தால் முதல் தீர்மானத்தை வேறு மாதிரி எழுத வேண்டும். நகலை இங்கே போடாதீர்கள், பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். வகை, நிபந்தனை, பரப்பளவு மூன்றையும் மட்டும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.